மின்தடையில் பதிந்த நடை

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் "அதை எந்த மீட்டர் வச்சு அளந்திய?" என்று கேட்டு வாயை அடைக்கிற ஆள் நான். என் தங்கை சுந்தரி அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் அறுத்து வாசலில் வைத்தால்கூட, அதைத் தாண்டி வர நான் படுகிற பாட்டைச் சொல்லி அவளைத் திட்டியிருக்கிறேன். இயற்பியல் படித்தவள், அதையே சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுசாகக் கேட்டு முடித்ததும் இவளுக்கு மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று நீங்கள் நினைக்கத்தான் செய்வீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைப்பேன்.

என் பெயர் கோமதி. ராஜபாளையத்தில் தங்கை குடும்பத்தோடு இருக்கிறேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு கல்லூரியில் வேலை. கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது, தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்துத் தோல் பட்டையால் இறுக்கிக் கட்டுகிற காலிப்பர் போட்டுத்தான் நடப்பேன். அதில் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் உண்டு. எழுந்திருக்கும்போது வளையத்தைக் கீழே தள்ளிப் பூட்ட வேண்டும், உட்காரும்போது மேலே தூக்கிவிட வேண்டும். பூட்டாமல் எழுந்தால் முட்டி மடங்கி விழ வேண்டியதுதான். அந்தக் கால் தானாக ஒரு அங்குலம்கூட நகராது, என் நினைவு தெரிந்து நகர்ந்ததே இல்லை.

என் ஆராய்ச்சியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு காந்தப் படலங்கள், அவற்றுக்கு நடுவில் சில அணுக்களே தடிமன் உள்ள, மின்சாரம் பாயாத ஒரு படலம். அந்த மூன்றும் சேர்ந்ததுதான் காந்தச் சந்தி. கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, ஒரு தலைமுடியின் அகலத்தில் நூற்றுக்கணக்கில் வரிசையாக வைக்கலாம். மேலே உள்ள காந்தமும் கீழே உள்ள காந்தமும் ஒரே திசையைப் பார்த்தால் எலெக்ட்ரான்கள் நடுப்படலத்தைச் சுலபமாகக் கடந்துவிடும், எதிரெதிராகப் பார்த்தால் கடப்பது கஷ்டம், மின்தடை ஏறிவிடும். கீழ்ப் படலத்தை அசையவிடாமல் செய்திருப்பார்கள். மேல் படலம் மட்டும், வெளியிலிருந்து எந்தக் காந்தம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்குத் தகுந்தபடி திரும்பும். ஆகவே மின்தடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், பக்கத்தில் காந்தமோ இரும்போ வந்தால் தெரிந்துவிடும்.

எங்களுக்குக் கிடைத்த சந்திகள் ரொம்ப ரோஷமானவை. ரோட்டில் ஆலங்குளத்து சிமெண்ட் லாரி போனால் கணினித் திரையில் ஓடுகிற கோடு லேசாக ஒரு வளைவு வளையும். லேபில் இரும்பு நாற்காலியே கிடையாது, எல்லாம் மரமும் பிளாஸ்டிக்கும்தான். ஆனால் நானே பாதி இரும்பாயிற்றே! அதனால் சந்தி இருக்கிற மேஜையைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, அளவெடுக்கும்போது நான் அதைத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தோம். கணினி மேஜை அறையின் இன்னொரு மூலையில். நான் அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தால் கோடும் அசையாது.

என்னோடு வேலை பார்த்தவர் ஜெபராஜ், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், என்னைவிடச் சில வயது இளையவர், ரொம்பக் கலகலப்பான மனிதர். ஒருநாள் விளையாட்டாக, என்னை வாசலிலிருந்து மேஜை வரை நடக்கச் சொல்லிப் பதிவு பண்ணினார். காலிப்பர் கால் விழும்போது திரையில் பெரிய மேடு, நல்ல கால் விழும்போது சின்ன நெளிவு, பிறகு காலிப்பரைத் தூக்கிப் போட நான் எடுத்துக்கொள்கிற இடைவெளி, மறுபடி பெரிய மேடு. கிட்டே வர வர எல்லாமே உயரும்.

"இது உங்க கையெழுத்து மாதிரி மேடம். ஒலகத்துல வேற யாருக்கும் இப்படி வராது" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது, உண்மையைச் சொன்னால். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற நடை அங்கே அழகான ஒரு கோடாக இருந்தது. அதனால்தான் அது மனதில் அப்படியே பதிந்துபோனது.

அன்றைக்கு ஆடிப்பூரத் தேர். ஸ்ரீவில்லிபுத்தூரே தேர் பார்க்கக் கிளம்பியிருந்தது, கல்லூரிக்கு லீவு, பெரிய வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டிருந்தார்கள், பக்கத்து நூல் மில்லும் ஓடவில்லை. எங்களுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. சந்தியைத் திருப்பிப் பார்க்க வைத்திருந்த மின்காந்தத்தை அணைத்துவிட்டு, எதுவுமே செய்யாமல் சும்மா விட்டால் சந்தியின் மின்தடை தானாக எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆராய்ச்சி இதழுக்கு நாங்கள் அனுப்பிய கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் அதைக் கேட்டிருந்தார்கள். இருந்த சந்திகளில் பாதிக்குமேல் ஏற்கெனவே கருகிப்போய்விட்டன, மிச்சத்தையும் தந்தவர்களிடம் திருப்பி அனுப்பியாக வேண்டும். காலையில் சுந்தரி என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "தேரன்னிக்குக்கூட இந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழணுமாக்கா?" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு தேருக்குப் போனாள்.

நானும் ஜெபராஜும் எல்லாவற்றையும் பொருத்தி, கோடு ஓட ஆரம்பிக்கும்போது மதியமாகிவிட்டது. அப்படி ஒரு அமைதியான கோட்டை நான் பார்த்ததே இல்லை, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"மேடம், மாமனார் ஆலங்குளத்துலருந்து வந்திருக்காவ. ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடி வந்துருதேன். நீங்க அசையாம மட்டும் இருங்க" என்றார் ஜெபராஜ்.

"நான் எங்க ஓடப்போறேன், போயிட்டு மெதுவா வாங்க" என்றேன்.

அவர் போனார். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், ஆனால் திறக்கும்போதும் சாத்தும்போதும் ஊரைக் கூட்டுகிற மாதிரி கிறீச்சிடும். அவர் போகும்போது கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடி வைத்தேன். பிளாஸ்டிக் டப்பாதான். வெளியே ஆடிக்காற்று, ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெயில் பட்டப்பகலாக அடித்துக்கொண்டிருந்தது, இதையும் சொல்லிவிடுகிறேன், இருட்டில் பயந்துவிட்டாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோட்டில் ஒரு மேடு வந்தது, சின்னதுதான். லாரிக்காரன் எவனோ போலீஸை ஏமாற்றிவிட்டு வருகிறான் என்று நினைத்தேன். அடுத்து ஒரு நெளிவு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுபடி ஒரு மேடு, முதலாவதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

நம் குரலை யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசிக் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பெரிய மேடு, சின்ன நெளிவு, இடைவெளி. பெரிய மேடு, சின்ன நெளிவு, இடைவெளி. அது என் நடை. வாசலிலிருந்து மேஜைக்கு நான் வந்துகொண்டிருந்தேன்.

குனிந்து என் காலைப் பார்த்தேன். இரண்டு காலும் மேஜைக்கு அடியில் நீட்டினபடி கிடந்தன, வளையம் மேலே தூக்கிவிட்டபடி இருந்தது. நான் அசையவில்லை, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். திரையில் மட்டும் மேடுகள் உயர்ந்துகொண்டே வந்தன. அறையில் காலடிச் சத்தமே இல்லை. நான் நடந்தால் காலிப்பர் 'ணங், ணங்' என்று கேட்கும், வகுப்பில் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் பேச்சை நிறுத்துவார்கள். அந்தச் சத்தம் இல்லை. மஞ்சள் டேப் ஒட்டின தரை வெறிச்சென்று கிடந்தது. ஆனால் கோடு, இந்தா டேப்பைத் தாண்டிவிட்டது, இந்தா மேஜைக்குக் கிட்டே வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனது.

பிறகு கோடு உயரத்திலேயே நின்றுவிட்டது. மின்தடை ஏறினது ஏறினபடி இறங்கவில்லை. எது வந்ததோ அது சந்தியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

கருவியில் கோளாறு என்றுதான் என்னையே நம்ப வைக்கப் பார்த்தேன். வயர் தளர்ந்திருக்கும், ஏசி காற்றில் ஆடியிருக்கும். மின்காந்தம் சரியாக அணைந்திருக்கிறதா என்று பார்க்கக் கணினி மேஜையில் ஒரு சின்னத் திசைகாட்டி வைத்திருப்போம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே அந்த மாதிரி. அதைப் பார்த்தேன். அதற்கும் சந்திக்கும் ஒரு வயர் தொடர்பும் கிடையாது. காலையிலிருந்து ஒரே பக்கம் காட்டிக்கொண்டிருந்த முள் விலகி, சந்தி இருந்த பக்கம் திரும்பியிருந்தது.

அப்போது கோடு இறங்க ஆரம்பித்தது. அப்பாடா என்று ஒரு நொடி நினைத்தேன், நம்புங்கள், சிரிக்கக்கூடச் செய்தேன். சந்தியை விட்டு அது விலகுகிறது, அவ்வளவுதான், போய்விட்டது. ஆனால் திசைகாட்டி முள் நடுங்கத் தொடங்கியது. சந்தியில் இறங்க இறங்க முள்ளில் ஆட்டம் ஏறியது. அது வாசலுக்குப் போகவில்லை. என்னிடம் வந்துகொண்டிருந்தது.

எழுந்து ஓடலாம்தானே என்று கேட்பீர்கள். எழுந்திருக்க வளையத்தைப் பூட்ட வேண்டும். அவசரமாகத் தள்ளத் தள்ள வளையம் இறங்கவே மாட்டேன் என்றது. கத்தலாம் என்றால் கேட்க அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. முள் மெதுவாகச் சுற்றி என் இடது பக்கம் வந்தது, கொஞ்சம் பின்னால், என் நாற்காலிக்குப் பக்கத்தில். அங்கேயே நின்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். இன்றைக்கு வரை நான் அதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஆனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் என் இடது கால் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை. காந்தத்தைக் கண்ட ஆணி மாதிரி, காலிப்பரோடு சேர்ந்து, தரையில் உரசிக்கொண்டு மெதுவாக இடது பக்கம் இழுபட்டுப் போனது. தோல் பட்டை தொடையில் இறுகியது. நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது எனக்கு, அந்தக் கால் தன்னால் அசைந்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூடத் தேவலை. யாரோ ஒரு குழந்தையின் காலைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி அத்தனை பக்குவமாக இருந்தது அந்த இழுப்பு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் பிடி விட்டது, கால் தொப்பென்று தளர்ந்தது. முள் ஆடி அடங்கித் தன் பழைய திசைக்குப் போய்விட்டது. நான் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை. பிறகுதான் எனக்கு உடம்பில் உயிர் வந்தது. வளையத்தைப் பூட்டாமலேயே எழுந்து, விழுந்து, முழங்கையால் ஊர்ந்துபோய்க் கதவை இழுத்துத் திறந்து வராந்தாவில் விழுந்தேன்.

ஜெபராஜ் வந்து பார்த்தபோது வராந்தாச் சுவரில் சாய்ந்து கிடந்தேன். "ஐயையோ மேடம், வழுக்கிட்டியளா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று பதறினார். நான் அறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் என்னைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்த் திரையைப் பார்த்தார்.

"எந்திரிச்சு நடந்தியளா மேடம்? கோடு பூரா ஒங்க நடையால்லா கெடக்கு" என்று உள்ளிருந்து கேட்டார்.

"நடக்கல."

"இது நீங்கதான? பாத்தாலே தெரியுதே."

"நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல, ஜெபராஜ்."

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது, சரிதான், வரத்தானே செய்யும். பழைய பதிவை எடுத்துப் புதியதற்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். வயர்களைப் பிடுங்கி மாட்டினார், வேறு சந்திக்கு மாற்றினார், ரோட்டுக்குப் போய் வண்டி ஏதும் வந்ததா என்று பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம் பதிவின் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"மேடம், வரும்போது உள்ளது நீங்க. அத நான் ஒத்துக்கிடுதேன்" என்றார் மெதுவாக. "போகும்போது உள்ளது யாரு?"

என்னைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வந்த நடை முடிந்து, மேஜைக்குப் பக்கத்தில் நின்றது, பிறகு என்னிடம் வந்தபோது கோடு தாழ்ந்தது, அதற்குப் பிறகு நான் பார்க்காமல் விட்ட பகுதி. அது திரும்பி மேஜையைக் கடந்து வாசலுக்குப் போயிருக்கிறது. அங்கே பெரிய மேடு, சின்ன நெளிவு என்று இல்லை. எல்லா மேடும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, நெருக்க நெருக்கமாக. இரண்டு நல்ல கால் உள்ள ஒருவர் விறுவிறு என்று நடந்து போன மாதிரி. அதற்குப் பிறகுதான் நான் விழுந்து புரண்ட கிறுக்கல்.

ஜெபராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். அன்று தேர் நிலைக்கு வந்த வெடிச் சத்தம் தூரத்தில் கேட்டபோது இரண்டு பேரும் ஒன்றாகத் துள்ளினோம்.

அடுத்து வந்த வாரத்திலும் அளந்தோம், இரண்டு பேரும் சேர்ந்தே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒன்றும் வரவில்லை, கோடு நல்ல பிள்ளையாக ஓடியது. கட்டுரைக்கு வேண்டியதை அனுப்பிவிட்டோம், சந்திகளையும் திருப்பி அனுப்பிவிட்டோம். ஜெபராஜ் அந்த வருடமே வேலையை விட்டு, மாமனார் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் படிப்புக்காக என்று மற்றவர்களிடம் சொன்னார். என்னிடம் மட்டும் போகும்போது, "அந்த ஃபைல அழிச்சிராதிய மேடம். ஆனா தெறந்தும் பாக்காதிய" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஐப்பசி மழையில் ஒருநாள் கல்லூரி வாசலில் இறங்கும்போது என் வலது கால், நல்ல கால், மடங்கிவிட்டது. ஈரத்தில் வழுக்கிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி மடங்கியது. பிறகு படி ஏற முடியவில்லை, பிறகு நிற்க முடியவில்லை. மதுரையில் டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார், சின்ன வயதில் போலியோ வந்தவர்களுக்கு நடுவயதில் நல்ல காலிலும் பலம் குறைவது உண்டு, இத்தனை வருடமாக இரண்டு காலின் வேலையையும் அது ஒன்றே பார்த்திருக்கிறது, தேய்ந்துபோய்விட்டது என்று. சரியான விளக்கம். என் மாணவர் யாராவது கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். அந்த டாக்டரிடம் தேர் அன்றைக்கு நடந்ததை நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டேன். கல்லூரியில் தெரியும், வீட்டில் தெரியும், மற்றபடி யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வந்து உட்கார்ந்து உச்சுக் கொட்டுவார்கள், எனக்கு அது ஆகாது.

மறு வருடம் புரட்டாசி சனிக்கிழமை காலையில் போன் வந்தது. ராமலெட்சுமி. பள்ளிக்கூடத்தில் என் பையைச் சுமந்துகொண்டு என் பக்கத்திலேயே நடந்து வந்தவள், வ. புதுப்பட்டியில் வாக்கப்பட்டு விவசாயம் பார்க்கிறாள், எப்போதாவது பேசுவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு, மலை மேல் இருக்கிற பெருமாளைப் பார்க்கப் போயிருந்தாள். புரட்டாசி சனிக்கிழமை அங்கே படி தெரியாத அளவுக்குக் கூட்டம் இருக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், நான் ஒருநாளும் ஏறினது கிடையாது. போனை எடுத்ததுமே மூச்சு வாங்கிக்கொண்டு கத்தினாள்.

"ஏட்டி கோமதி, நீயெல்லாம் ஒரு மனுசியா? கால் சரியாயிட்டுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா ஒனக்கு?"

"என்னட்டி சொல்லுத?"

"நடிக்காத. எனக்கு முன்னாலதான் படியேறிப் போற. கூப்பிட்டேன், திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு, ஆடு மாதிரி தாவிப் போற. என்னால ஒன்னய எட்டிப் பிடிக்க முடியலட்டி!" அவள் அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில். "எந்த ஆஸ்பத்திரில பாத்த?"

"ராமலெட்சுமி, நான் வீட்ல இருக்கேன்" என்றேன்.

"வீட்லயா? இந்தா, மேல நிக்கயே, பச்சச் சேல கட்டிக்கிட்டு. எனக்காகத்தான் நிக்க. கைய வேற ஆட்டுத..."

கூட்டம் கோவிந்தா போடுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. பிறகு, குரலைத் தாழ்த்தி, எனக்கே சரியாகக் கேட்காத மாதிரி கேட்டாள்.

"ஏட்டி, அவ கையில போனே இல்லயே. பொறவு இங்க பேசுதது யாரு?"

நான் போனை வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் ராமலெட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று, சக்கர நாற்காலியில் இருக்கிற என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், உள்ளே வரவில்லை. சுந்தரி கூப்பிட்டும் வரவில்லை. நானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் போனேன்.

"மூஞ்சி எப்படிட்டி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒம் மூஞ்சிதான். அச்சு அசலு."

"வேற?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். "சொன்னா சங்கடப்படுவ. அம்புட்டு சந்தோசமா இருந்தா அவ. சின்னப் பிள்ளையிலருந்து ஒன்னயப் பாக்கேன், நீ ஒருநாளும் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். நாலு எட்டு போனவள் நின்று, என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எறங்கும்போதும் பாத்தேன் கோமதி. நீ பயப்படுவன்னு சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். ராஜபாளையம் பஸ்ஸுலதான் ஏறுனா."